வவுனியாவில் நடந்ததைக் கடலூரில் இருந்து பதிவு செய்வது எப்படி?

கேள்வி இது: குறிஞ்சிப்பாடி பக்கத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் இருக்கும் ஓர் அம்மா, 2008-ல் இலங்கையின் வவுனியாவில் ராணுவம் தன்னைப் பிடித்து வைத்திருந்தபோது நடந்த பாலியல் வன்முறையை இப்போதுதான் மகளிடம் சொல்லியிருக்கிறார். மகள் புதுச்சேரியில் நர்ஸிங் படிக்கிறாள். அம்மா பேசுவதைப் போனில் வீடியோ எடுத்து வைத்தால் போதுமா, எங்கே அனுப்புவது, இத்தனை வருடம் கழித்து அதனால் பயன் உண்டா?

முதலில் வீடியோ. எடுக்காதீர்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டால் யாருக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் போனில் கூகுள் போட்டோஸ் தானாக மேலே ஏற்றுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். முகாமில் ஒரு போனை நாலு பேர் கையாளுவார்கள், ரீசார்ஜ் கடையில் கழற்றிப் பார்ப்பார்கள். முகம், குரல், பின்னால் தெரியும் சுவர், இவை போதும் ஆளைக் கண்டுபிடிக்க. ஊரில் அவருடைய அண்ணனோ தங்கையோ இன்னும் இருப்பார்கள், அவர்கள் வீட்டுக்குத்தான் முதலில் ஆள் போகும். இந்தியச் சட்டத்திலும் பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம்; பழைய 228ஏ பிரிவு இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 72-ஆம் பிரிவாக இருக்கிறது.

வீடியோ வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் தடவை சொல்லும்போது யாருக்கும் வரிசையாக வராது. நடு நிகழ்ச்சி முதலில் வரும், தேதி மாறும், ஒரு ஆள் இருந்த இடத்தில் இரண்டு பேர் என்பார். கொடுமைக்கு ஆளானவரின் நினைவு அப்படித்தான் வேலை செய்யும். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கையில் அந்த முதல் வீடியோ கிடைத்தால், பின்னால் ஒழுங்காக எழுதிய வாக்குமூலத்துக்குப் பக்கத்தில் வைத்து, "அன்றைக்கு இப்படிச் சொன்னாய், இன்றைக்கு அப்படிச் சொல்கிறாய்" என்பார். ஒரு கல்லூரி மாணவர் ஆராய்ச்சிக்கென்று எடுத்தது, ஒரு கட்சிக்காரர் மேடைக்கென்று எடுத்தது, ஒரு யூடியூப்காரர் எடுத்தது என்று மூன்று நாலு பதிப்பு உலவும் சாட்சியை வைத்துக்கொண்டு எந்த நாட்டு நீதிமன்றத்திலும் நிற்பது கடினம். ஆகவே ஒரு தடவைதான் பதிவு, பயிற்சி உள்ளவர் கையால். அதுவரை மகள் செய்ய வேண்டியது கேட்டுக்கொள்வது மட்டும். துருவ வேண்டாம்.

பயன் உண்டா என்ற கேள்விக்கு வருகிறேன். இலங்கை நீதிமன்றத்தை நினைத்துக் கேட்டால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இலங்கைக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம் 456-ஆம் பிரிவுப்படி, கொலையும் அரசத் துரோகமும் தவிர மற்ற குற்றங்களுக்கு வழக்குத் தொடரும் உரிமை, குற்றம் நடந்த நாளிலிருந்து 20 வருடத்தில் போய்விடும். 2008 ஆகஸ்ட்டில் நடந்தது என்றால் 2028 ஆகஸ்ட். 90-களில் நடந்தவற்றுக்கு அங்கே அந்தக் கதவு ஏற்கெனவே மூடிவிட்டது. இரண்டாவது, அங்கே படையினர் தண்டிக்கப்பட்ட வழக்குகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. 1996 செப்டம்பர் 7-ல் யாழ்ப்பாணத்தில் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் திரும்பிய மாணவி செம்மணிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டு, வல்லுறவுக்குப் பிறகு கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவரும் கொல்லப்பட்டார்கள். அவர் பெயர் ஊரறிந்தது, இருந்தாலும் நான் எழுதவில்லை. 1998 ஜூலையில் படையினருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டபோதுதான், குற்றவாளிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ச, செம்மணியில் முந்நூறு நானூறு பேர் புதைக்கப்பட்டிருக்கிறார்கள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999-ல் தோண்டியதில் 15 உடல்கள் கிடைத்தன. 2025-ல் அதே செம்மணிப் பகுதியில் சித்துப்பாத்தி மயானத்தில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளியே வந்தன. மற்றொன்று 2010 ஜூனில் விசுவமடுவில் நடந்த வல்லுறவு. உடனே புகார் கொடுக்கப்பட்டது. 2015 அக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நாலு ராணுவத்தினருக்கு 25 வருடக் கடூழியச் சிறை விதித்தது. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்துவிட்டது. உடனே புகார் கொடுத்த வழக்கே இந்தப் பாடு பட்டது.

அதனால் பயன் வேறு இடங்களில்தான் அதிகம். ஐ.நா. மனித உரிமைப் பேரவை 2021 மார்ச்சில் 46/1 தீர்மானத்தின் கீழ், ஜெனீவாவில் மனித உரிமை ஆணையர் அலுவலகத்துக்குள் இலங்கைக்கான பொறுப்புக்கூறல் திட்டத்தை ஏற்படுத்தியது. சாட்சியங்களைத் திரட்டி, பகுத்து, பாதுகாத்து, எதிர்காலத்தில் எந்த நாட்டு அரசு வழக்கறிஞர் கேட்டாலும் சாட்சியின் சம்மதத்தோடு கொடுப்பது அதன் வேலை. தனி ஆட்களும் அமைப்புகளும் தகவல் அனுப்ப வழி வைத்திருக்கிறார்கள். அது நீதிமன்றம் அல்ல. அனுப்பினால் நாளை தீர்ப்பு வந்துவிடும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லக் கூடாது. ஆனால் இப்படிச் சேர்ந்த வாக்குமூலங்கள்தான் வேறு இடங்களில் வேலை செய்கின்றன. வவுனியா ஜோசப் முகாமில் இருந்த வன்னிப் பாதுகாப்புப் படைத் தலைமையகத்துக்குத் தளபதியாக இருந்த ஜகத் ஜயசூரிய பிரேசிலில் தூதராக இருந்தபோது, 2017-ல் தென்னமெரிக்க நாடுகளில் அவர் மேல் புகார் கொடுக்கப்பட்டது. அவர் குற்றச்சாட்டை மறுத்தார். 2025 மார்ச்சில் பிரிட்டன் அவர் மீதும், முன்னாள் ராணுவத் தளபதி சவேந்திர சில்வா, முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னகொட, புலிகளிலிருந்து பிரிந்துபோன கருணா ஆகியோர் மீதும் தடை விதித்தது. ஐ.நா. அமைதிப்படைக்கு ஆள் எடுக்கும்போது பின்னணி பார்ப்பதும் இதில் வரும். 2007-ல் ஹைட்டியிலிருந்து நூறுக்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் சுரண்டல் புகாரில் திருப்பி அனுப்பப்பட்டது நினைவிருக்கலாம். அந்த அம்மாவின் பிள்ளைகளில் யாராவது நாளை வேறு நாட்டில் தஞ்சம் கேட்டால், தாயின் பதிவு அங்கேயும் கூடவரும்.

பதிவுக்கு உட்காருவதற்கு முன்னால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். கடலூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவு. அழைப்பு எண் 15100. எதற்கு வழக்கறிஞர் என்றால், அவரோ கணவரோ இயக்கத்தில் இருந்திருந்தால் அந்தத் தகவல் வாக்குமூலத்தில் வரும். விடுதலைப் புலிகள் மீதான இந்தியத் தடை 1992-ல் தொடங்கி இன்றும் நடப்பில் இருக்கிறது, 2024-ல் மேலும் ஐந்து வருடம் நீட்டினார்கள். கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவரா, எந்த வயதில், எத்தனை நாள் என்பதை மறைக்கவும் கூடாது, ஆலோசனை இல்லாமல் எழுதிக் கொடுக்கவும் கூடாது. மறைத்தால் பின்னால் மொத்த வாக்குமூலமும் பொய்யாகிவிடும். ஊருக்குத் திரும்ப விண்ணப்பம் போட்டிருக்கிறாரா என்பதையும் அப்போதே கேளுங்கள். போட்டிருந்தால் பதிவை எப்போது, எங்கே ஒப்படைப்பது என்பது மாறும்.

சம்மதம் என்பது ஒரு கையெழுத்து இல்லை. நாலு கேள்விக்குத் தனித்தனியாகப் பதில் வாங்க வேண்டும்: பதிவு செய்யலாமா, ஜெனீவாவுக்கு அனுப்பலாமா, பிற நாட்டு அரசு வழக்கறிஞரிடம் கொடுக்கலாமா, பெயர் இல்லாமல் அறிக்கையில் சேர்க்கலாமா. முதலாவதுக்கு ஆம், மற்ற மூன்றுக்கும் இல்லை என்று சொன்னாலும் சரிதான். எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், ஆனால் அனுப்பியதை முழுவதுமாகத் திரும்ப எடுக்க முடியாமல் போகலாம் என்பதையும் முன்பே சொல்லிவிட வேண்டும். பணம், வீடு, வெளிநாடு எதையும் வாக்குக் கொடுக்கக் கூடாது. பஸ் செலவு, சாப்பாடு கொடுக்கலாம். அதையும் கணக்கில் எழுதி வையுங்கள்.

இடம் பெரிய பிரச்சினை. பழைய முகாம் வீடுகளில் பக்கத்து வீட்டு இருமல் இங்கே கேட்கும். அங்கே வைத்து இதைப் பேசவே கூடாது. கடலூரிலோ புதுச்சேரியிலோ, ஆள் நடமாட்டம் சாதாரணமாக இருக்கும் ஒரு கட்டடத்தில் தனி அறை வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், மகளைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வர முடிகிற இடமாக இருக்கட்டும். முகாமில் அரசுப் பணக்கொடை கொடுக்கும் நாளையும், ஆட்களை எண்ணிச் சரிபார்க்கும் தணிக்கை நாளையும் தவிருங்கள். இரவு தங்கினால் அனுமதி கேட்க வேண்டிவரும், கேட்டால் காரணம் சொல்ல வேண்டிவரும். காலையில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பும்படி வையுங்கள். ஒரு அமர்வு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மூன்று அமர்வு ஆகும். முதலாவதில் பிறப்பு, ஊர், குடும்பம், இடப்பெயர்வு மட்டும். இரண்டாவதில் கைது முதல் விடுதலை வரை. மூன்றாவதில் எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்துவது. மகள் அறைக்குள் இருக்க வேண்டாம், வெளியே இருக்கட்டும். பிள்ளை முன்னால் பாதியை விழுங்கிவிடுவார்கள். பிள்ளையும் பின்னால் சாட்சியாக வேண்டியிருக்கலாம். அவள் தன் காதால் கேட்டது தனியாக இருப்பது நல்லது.

எழுதுபவர் நம் பக்கத்துக்காரர் என்றால் மொழியிலேயே தடுக்கி விழுவார். இதைக் கொஞ்சம் விரித்தே சொல்கிறேன், ஏனென்றால் நிறையப் பதிவுகள் கெட்டது இங்கேதான். கடலூரில் "சேட்டை" என்றால் குழந்தையின் குறும்பு. யாழ்ப்பாணத்துப் பெண் "ஆமிக்காரன் சேட்டை விட்டவன்" என்றால் உடம்பில் கை வைத்தான் என்று அர்த்தம். அதைக் "குறும்பு செய்தான்" என்று எழுதிய ஆளும் உண்டு. "பழுதாக்கிப்போட்டாங்கள்", "கெடுத்துப்போட்டாங்கள்" என்பவை பெரும்பாலும் வல்லுறவைக் குறிப்பவை, ஆனால் எப்போதும் அல்ல, "எந்த விதத்தில் அம்மா?" என்று மெதுவாகக் கேட்டு, அவர் சொல்லும் சொல்லையே எழுத வேண்டும், நம் சொல்லைப் போடக் கூடாது. "முகாம்", "காம்ப்" குழப்பம் அதைவிட மோசம். அவர் வாயில் காம்ப் என்றால் ராணுவ முகாமாக இருக்கலாம், 2009-ல் லட்சக்கணக்கானவர்களை அடைத்து வைத்த செட்டிக்குளம் மெனிக் பாமாக இருக்கலாம், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் அகதி முகாமாக இருக்கலாம், இப்போது இருக்கும் முகாமாகவும் இருக்கலாம். ஒவ்வொரு தடவையும் எந்தக் காம்ப் என்று எழுதுங்கள். "சென்றி" என்றால் காவலரண். "நாலாம் மாடி" என்றால் கொழும்பில் குற்றப் புலனாய்வுப் பிரிவின் தலைமையகம். "ரிஐடி" என்றால் பயங்கரவாதத் தடுப்பு விசாரணைப் பிரிவு. "அவங்கள்" என்று சொல்லும்போது ராணுவமா, பொலிஸா, அதிரடிப்படையா, அவர்களோடு நின்ற தமிழ்க் குழுவா என்று பிரிக்காவிட்டால் அந்த வரியால் எந்த வழக்கும் நகராது.

தேதி கேட்டால் பெரும்பாலும் வராது. "எந்த மாதம்?" என்று நெருக்கினால் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுவார், அதுவே பின்னால் கழுத்தை இறுக்கும். தெரிந்த நாட்களைக் கொம்பாக நட்டுக் கொடியைப் படர விடுங்கள்: வலிகாமம் இடப்பெயர்வு 1995 அக்டோபர் 30, போர்நிறுத்த ஒப்பந்தம் 2002 பிப்ரவரி, கடல் வந்தது (சுனாமி) 2004 டிசம்பர் 26, யாழ்ப்பாணம் போகும் ஏ9 பாதை பூட்டியது 2006 ஆகஸ்ட், முள்ளிவாய்க்கால் முடிந்தது 2009 மே. மடுத் திருவிழாவுக்கு முன்னா பின்னா, நல்லூர்த் தேர் முடிந்ததா, பிள்ளை அப்போது எந்த வகுப்பு, மழைக்காலமா என்று கேட்டால் மாதம் தானாக விழும். "தெரியாது" என்றால் தெரியாது என்றே எழுதுங்கள். தெரியாது என்ற சொல் இருக்கும் வாக்குமூலத்தைத்தான் அனுபவப்பட்ட விசாரணையாளர் நம்புவார்.

கொடுமையின் விவரத்தில் தேவைக்கு மேல் தோண்டாதீர்கள். குற்றம் எது என்று தெரியும் அளவுக்கு மூன்று நாலு வாக்கியம் போதும். அதைவிட, அந்த அறையைச் சுற்றி இருந்தவைதான் வழக்கை நிறுத்தும். கட்டடம் எப்படி, வெயில் எந்தப் பக்கத்தால் வந்தது, ரயில் சத்தம் கேட்டதா, வாகனம் என்ன நிறம், சீருடை எப்படி, ஒருவரை ஒருவர் எப்படிக் கூப்பிட்டார்கள், யாருக்கு சல்யூட் அடித்தார்கள், தமிழ் பேசியவர் யார், அதே இடத்தில் வேறு பெண்கள் இருந்தார்களா, ஆண்களுக்கு என்ன நடந்தது, மேலதிகாரி யாராவது வந்து பார்த்தும் பேசாமல் போனாரா. இந்தக் கடைசிக் கேள்வியில்தான் தளபதி வரைக்கும் பொறுப்பு ஏறும். பிறகு பணம்: எப்படி வெளியே வந்தார்? நிறையப் பேர் லஞ்சம் கொடுத்து வெளியே வந்தவர்கள். யார் வழியாக, எவ்வளவு, நகை அடகு வைத்தார்களா, வெளிநாட்டில் இருந்து யார் அனுப்பினார். அடகுச் சீட்டோ பண அனுப்பீட்டு ரசீதோ இன்றும் எங்கோ கிடக்கும்.

காகிதம் என்றால், செஞ்சிலுவைச் சங்க அட்டை, குடும்பம் கொடுத்த பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, மனித உரிமை ஆணைக்குழு முறைப்பாட்டு எண், கிராம சேவகர் கடிதம், பங்குத் தந்தை கடிதம், மண்டபத்தில் பதிந்த தேதி. கடலூர்ப் பக்கம் இவை 2011 தானே புயலிலும் 2015 வெள்ளத்திலும் நனைந்து ஒட்டிப்போயிருக்கும். ஒட்டிய தாள்களைப் பிரிக்காதீர்கள், லேமினேட் செய்யாதீர்கள்; நிழலில் காயவைத்து இரண்டு பக்கமும் படம் எடுத்து, அசலைக் காற்றுப் புகாத உறையில் வையுங்கள். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984 முதல் முகாம்களில் பிறப்புப் பத்திரம் முதலான ஆவண வேலை பார்ப்பது. காகிதத்துக்கு அவர்களிடம் போகலாம், ஆனால் காரணத்தை வாசலில் சொல்ல வேண்டியதில்லை.

மருத்துவம். இத்தனை வருடம் கழித்து உள்பரிசோதனையால் எதுவும் தெரியாது, தடயம் நாட்கணக்கில் போய்விடும் சமாச்சாரம். தடயம் இல்லாததால் நடக்கவில்லை என்றும் ஆகாது. இரு விரல் பரிசோதனை செய்யச் சொன்னால் மறுத்துவிடுங்கள். உச்ச நீதிமன்றம் 2013-லும் 2022-லும் கண்டித்த ஒன்று அது. நிலைப்பது தழும்பும் மனமும். சிகரெட் சுட்ட தழும்பு வட்டமாக, ஒரு சென்டிமீட்டருக்குள், ஓரம் கறுத்து இருக்கும். ஒவ்வொரு தழும்பையும் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படமெடுத்து, உடல் வரைபடத்தில் எண் போட வேண்டும். இஸ்தான்புல் நெறிமுறை என்று 1999-ல் வந்து 2022-ல் புதுப்பிக்கப்பட்ட ஐ.நா. கையேடு இருக்கிறது, அதன்படி மருத்துவர் "பொருந்தவில்லை", "பொருந்துகிறது", "மிகவும் பொருந்துகிறது", "இவ்வகைக் கொடுமையில் வழக்கமாகக் காண்பது", "வேறெதனாலும் வராது" என்ற ஐந்தில் ஒன்றை எழுத வேண்டும். வெறும் "பழைய தழும்பு உள்ளது" என்ற சான்றிதழால் பயனில்லை. மனநலத்துக்கு கோரிமேட்டில் ஜிப்மர் மனநலப் பிரிவு, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, போனில் 14416. ஒரு எச்சரிக்கை: வல்லுறவு என்று தெரிந்தால் போலீசுக்குத் தகவல் கொடுக்க வேண்டும் என்பது இந்திய மருத்துவமனைகளுக்குச் சட்டக் கடமை. குற்றம் வேறு நாட்டில், பல வருடம் முன்னால் நடந்தது என்றாலும் சிலர் அப்படியே எழுதி அனுப்பிவிடுவார்கள். நுழைந்ததும் தூக்கம் வரவில்லை, கனவு, பதற்றம் என்று தொடங்குங்கள். மற்றதைச் சொல்வதற்கு முன் இதை எப்படிப் பதிவீர்கள் என்று மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆண்களையும் விட்டுவிடாதீர்கள். ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2013 பிப்ரவரியில் வெளியிட்ட 75 பேரின் சாட்சியத்தில் 41 பெண்கள், 31 ஆண்கள், 3 சிறுவர்கள். இலங்கைச் சட்டத்தில் வல்லுறவு என்பது பெண்ணுக்கு எதிரானது மட்டும். ஆணுக்கு நடந்தது கடும் பாலியல் துஷ்பிரயோகம், அல்லது 1994-ன் சித்திரவதைச் சட்டம் என்ற தலைப்பில் போகும். அவர்கள் "அடிச்சவங்கள்" என்றுதான் சொல்லுவார்கள். அதற்கு மேல் ஒரு வாக்கியம் வர மூன்றாவது அமர்வு ஆகலாம். அதே முகாம்களில் 1987-க்கும் 1990-க்கும் இடையில் இந்திய அமைதிப்படையின் கையில் பட்ட பெண்களும் இருக்கிறார்கள். அதைக் கேட்க நம் ஊர்க்காரருக்குச் சங்கடமாக இருக்கும், அவர்களுக்கு இங்கே இருந்துகொண்டு சொல்லப் பயமாக இருக்கும். அவர்களுக்கும் இதே ஒழுங்குதான், இன்னும் கூடுதல் ரகசியத்தோடு.

கடைசியில் தாளை எப்படி வைப்பது. பெயருக்குப் பதில் ஒரு குறியீடு. பெயரும் குறியீடும் சேர்ந்த சீட்டு வேறொரு ஊரில், வேறொரு ஆளிடம். ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண், தேதி, கையெழுத்து அல்லது ரேகை. யார் கேட்டது, யார் எழுதியது, எந்த மொழியில், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பது முதல் பக்கத்தில். முத்திரைத்தாள், நோட்டரி இப்போது வேண்டாம். நோட்டரியின் பதிவேட்டில் பெயர் ஏறிவிடும். மின்வழியில் அனுப்புவதானால் ஜெனீவா அலுவலகம் சொல்லும் முறையில் மட்டும், பிரவுசிங் சென்டர் ஸ்கேனர் வேண்டாம், அதன் நினைவகத்தில் பிரதி தங்கும். அந்த அம்மாவிடம் பிரதி கொடுக்கலாமா என்று கேட்பார்கள். அவருடைய தாள், அவர் கேட்டால் கொடுக்கத்தான் வேண்டும்; ஆனால் பத்துக்குப் பத்து வீட்டில் வைக்க இடம் இல்லை என்றால், மகள் விடுதியிலும் வைக்காமல், வழக்கறிஞரிடம் ஒட்டிய உறையில் வைத்து, உறையின் மேல் அவர் கையெழுத்தை வாங்குங்கள். இரண்டாவது அமர்வுக்கு அவர் வராமலே போனால் தேடிப்போகாதீர்கள். மகளிடம், "அம்மா எப்போது வேண்டுமானாலும் வரட்டும், வராவிட்டாலும் சரி" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டு, முதல் அமர்வில் எழுதியதை என்ன செய்ய வேண்டும் என்று அவரையே கேட்டு, எரிக்கச் சொன்னால் எரித்துவிடுங்கள்.